மாடித் தொட்டியில் கூகை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் மாடியில் கிடக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் தை மாதத்திலிருந்து கூகை என்கிற ஆந்தை ஜோடி ஒன்று குடியிருக்கிறது. துணி எடுக்கப் போன அன்று அந்த இதய வடிவ வெள்ளை முகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்து வாளியைக் கீழே போட்டுவிட்டேன். அது தலையைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டி, குக்கரில் ஆவி கசிவதுபோல 'ஸ்ஸ்' என்று சீறியது. அப்புறம் என் தலைக்கு மேலேயே பறந்தது. அவ்வளவு பெரிய இறக்கை, சத்தமே இல்லை. நெற்றியில் காற்று மட்டும் பட்டது.

'சாவுக்குருவி, விரட்டிவிடுங்கள்' என்கிறார்கள் தெருவில். தொட்டியடியில் கிடந்த கறுப்பு உருண்டை ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். எலி முடிக்குள் 2 மண்டையோடுகள், ஊசி ஊசியாக எலும்புகள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை இப்படிக் கக்கிவிடுமாம். எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் குச்சி நடுகிற தஞ்சாவூர்க்காரர்கள் நாம். அதே பறவை வீட்டுக்கு வந்தால் மட்டும் அபசகுனமா?

கல்லெறியும் பிள்ளைகளைப் பெரியவர்கள் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். ஆந்தைகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குஞ்சு பொரித்துவிட்டது போலிருக்கிறது. இருட்டியதும் தொட்டிக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வருகிறது. என் கணவருடையதைவிடப் பரவாயில்லை.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்