பாதியில் பறித்த புத்தகங்கள்: நூலகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நூலகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பதின்ம வயதினருக்கான மர்ம நாவல்களைத் திரும்பப் பெறச் சொல்லி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை தொடர்பாக இதை எழுதுகிறேன். பின்னணி உங்களுக்கே தெரியும். அலமாரியைக் காலி செய்யச் சொன்னீர்கள், செய்தேன். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போன பிரதிகளையும் மூன்று நாளில் வாங்கிவிடச் சொன்னீர்கள், வகுப்பு வகுப்பாகப் போய் வாங்கினேன். மொத்தம் 23 புத்தகங்கள், இரண்டு அட்டைப்பெட்டிகள். காரணம் ஒரே வரியில் இருந்தது: கெட்ட சகவாசத்தையும் பெரியவர்களிடம் உண்மையை மறைப்பதையும் இவை தூண்டுகின்றன.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகங்களைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை, பாதியில் நிற்கும் பிள்ளைகளுக்காவது அவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

புகாருக்குக் காரணமான பக்கத்தை நானும் பார்த்தேன். ஒரு பெற்றோர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது கைமாறிக் கைமாறி என் போனுக்கும் வந்தது. நான்கு தோழிகள் விளையாட்டாகச் செய்த காரியத்தில் உடன் படிக்கும் இன்னொரு பெண் மாடிப்படியில் உருண்டு விழுந்து அடிபடுகிறாள். பார்த்தவர் யாருமில்லை. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று நால்வரும் கையடித்துச் சத்தியம் செய்கிறார்கள். படத்தில் இருந்தது அவ்வளவுதான். அதை மட்டும் பார்த்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.

அதற்கு முந்தைய பக்கத்தை யாரும் படமெடுக்கவில்லை. அதில் நால்வரில் ஒருத்தி தயங்குகிறாள். டீச்சரிடம் சொல்லிவிடலாமே என்கிறாள். அவளை யாரும் மிரட்டவில்லை, திட்டவுமில்லை. மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அவளுடைய உயிர்த்தோழி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே, "சரி, உன் இஷ்டம்" என்கிறாள். உடனே இவள் கையை நீட்டிவிடுகிறாள்.

பதினான்கு வயதில் அந்த "உன் இஷ்டம்" எவ்வளவு கனமானது என்று நமக்கு மறந்துபோயிருக்கலாம். நாளையிலிருந்து மதியம் எங்களோடு உட்காராதே என்று அதற்குப் பொருள். குரூப்பிலிருந்து உன்னை எடுத்துவிடுவோம், நாங்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறோம் என்று உனக்கு இனிமேல் தெரியாது என்று பொருள். இத்தனையும் அன்பாகப் பேசும் அதே குரலில் வரும். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ காதில் விழுந்தாலும் புரியாது. இதை இவ்வளவு துல்லியமாக எழுதிய ஒரு பக்கத்தைத்தான் கெட்ட சகவாசத்தைத் தூண்டுகிறது என்று பெட்டியில் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

இப்போது ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பையும் பெயரையும் சொல்லமாட்டேன். நூலகத்துக்கு வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துவிட்டு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவான். என்னோடு பேசியது மிகக் குறைவு. இந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தான். நான் வாங்கப் போனபோது 118-ஆம் பக்கத்தில் இருந்தான். அடையாளத்துக்கு ஒரு நீல நூலை வைத்திருந்தான். எடுத்துத் தரும்போதும் அந்த நூல் நழுவாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தான்.

மறுவாரம் வந்தான். காலியான தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் என் மேசைக்கு வந்து, "அவ கடைசில சொல்லிடுவாளா மிஸ்?" என்று கேட்டான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "வேண்டாம், சொல்லிடாதீங்க. நானே படிச்சுக்கறேன்" என்றான். கதவு வரைக்கும் போனவன் திரும்பி, "சொன்னா அதுக்கப்புறம் அவங்க யாரும் அவகிட்ட பேச மாட்டாங்கல்ல?" என்றான்.

அவன் கதையைப் பற்றித்தான் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் வருகிறான், தட்டைப் பார்க்கிறான், போகிறான். நான் முடிவைச் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகத்தை அவனிடமிருந்து இரண்டாவது முறை பறித்ததாகிவிடும். சொல்லாவிட்டால் அவன் கேள்வியோடு அலைகிறான். இப்படி ஒரு நிலையில் என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் முன்னால் இவ்வளவு கையாலாகாமல் நின்றதில்லை.

118-ஆம் பக்கம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சத்தியம் செய்தாகிவிட்டது, ஆனால் அது இன்னும் உடையவில்லை. பொய்க்கு மேல் பொய் அடுக்க வேண்டி வந்து, நால்வருக்குள்ளும் சந்தேகம் புகுந்து, ஒருத்தி தூக்கம் கெட்டு, கடைசியில் அந்தத் தயங்கிய பெண் தனியாக எழுந்து போய் உண்மையைச் சொல்வதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அவள் தோழிகளை இழக்கிறாள். பிறகு ஒருத்தி மட்டும் திரும்பி வருகிறாள். ரகசியம் காப்பதுதான் நட்பு என்பதோடு அந்தப் பையனுடைய கதை நின்றுவிட்டது. அந்த ரகசியத்துக்கு என்ன விலை என்று சொல்லும் பாதி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் அஞ்சிய பாடத்தைக் கற்பிப்பது முழுப் புத்தகம் அல்ல. நாம் பாதியில் நிறுத்திய புத்தகம்தான் அதைக் கற்பிக்கிறது.

மர்மக் கதை என்ற வடிவமே மறைத்தது வெளியே வந்தாக வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது. பெரியவர்களுக்கான துப்பறியும் கதையில் துப்பறிபவர் வெளியிலிருந்து வருவார், விசாரிப்பார், முடித்துவிட்டுப் போய்விடுவார். பதின்ம வயதுக் கதையில் துப்பறிகிறவள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறாள். தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளைத்தான் அவள் சந்தேகப்பட வேண்டும். "அவ என்னோடதான் இருந்தா" என்று தோழிக்காகச் சொல்லும் பொய்ச்சாட்சி விசுவாசமா, துரோகமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டுக்கொடுப்பவள் என்ற பெயர் வாங்காமல் எப்படி உண்மையைச் சொல்வது? பிள்ளைகள் அன்றாடம் நின்று தவிக்கும் இடம் இது. இதைக் கதையாக உட்கார்ந்து யோசிக்க வேறு எந்த அலமாரியில் இடம் இருக்கிறது?

இது புதிதாகக் கிளம்பியதும் அல்ல. ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் எனிட் பிளைட்டன் 1949-இல் தொடங்கிய 'சீக்ரட் செவன்' கதைகளில் ஏழு பிள்ளைகள் கூட்டமாகத் துப்பறிவார்கள்; கடவுச்சொல்லும் பேட்ஜும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். எழுவரில் ஒருவனான ஜாக்கின் தங்கை சூசி வெளியேதான் நிற்பாள். கூட்டத்துக்குள் இருப்பதே பெருமை என்ற காலம் அது. 1973-இல் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் டங்கன் அதைப் புரட்டிப்போட்டார். 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' நாவலில் நான்கு இளைஞர்கள் காரில் போகும்போது சைக்கிளில் வந்த சிறுவன் மேல் மோதிவிடுகிறார்கள். சிறுவன் இறந்துபோகிறான். யாரிடமும் சொல்வதில்லை என்று நால்வரும் உறுதி எடுக்கிறார்கள். அந்த உறுதி அவர்களை எப்படி அரிக்கிறது என்பதுதான் நாவல். 1978-இல் அவர் எழுதிய 'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' நாவலில், எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாத ஒரு நல்ல மாணவி, ஒரு கூட்டத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சியிலேயே ஒரு பெரிய குற்றத்துக்குள் காலை வைத்துவிடுகிறாள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், 1990-களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களில் இதுவும் ஒன்று. அதே டங்கனுக்குத்தான் 2015-இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தன் உயரிய 'கிராண்ட் மாஸ்டர்' விருதை வழங்கியது. உங்களுக்கு வந்ததைப் போன்ற புகார்கள் முன்பும் வந்திருக்கின்றன. புத்தகங்கள் நிலைத்திருக்கின்றன.

சகவாசத்தின் பிடி எவ்வளவு என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போது நிதானமாக இருந்த 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் கூட இருந்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. பிடி உண்மைதான். அந்தப் பிடியைப் பற்றிப் பேசும் கதைகளை ஒளித்துவைத்தால் அது தளர்ந்துவிடுமா?

அந்த அலமாரிக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய நன்னெறிக் கதைகளைப் படித்தேன். முதலிலிருந்து கடைசி வரை, எல்லாவற்றையும். அவற்றில் கெட்ட நண்பன் வரும்போதே கெட்டவனாக வருகிறான். தலைமுடி கலைந்திருக்கும், படிக்கமாட்டான், பொய் சொல்வான். மூன்றாம் பக்கத்தில் நல்ல பிள்ளை "முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். எந்தப் பிள்ளைக்கு இப்படி நடக்கிறது? நிஜத்தில் அழுத்தம் தருகிறவன் நேற்று நம் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தவன். காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்து பார்த்தவன். அவன் நல்லவன்தான், அதனால்தான் மறுக்க முடிவதில்லை. நட்பைப் பேச வள்ளுவருக்கே நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்கள் தேவைப்பட்டன. நாம் "கெட்ட சகவாசம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு எதைப் பற்றியாவது பேசத் தேவை வரும்போதெல்லாம் பெரியவர்களாகிய நாம் முதலில் கதவைச் சாத்துகிறோம். பிறகு, ஏன் எதையும் எங்களிடம் சொல்வதில்லை என்று அவர்களையே கேட்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றறிக்கையில் உங்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. உங்களில் ஒருவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நான் மட்டும் எப்படி..." அவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தக் கதையில் தயங்கிக் கையை நீட்டிய பெண்ணைத்தான் அவரிடம் பார்த்தேன். பெரியவர்கள் நிறைந்த ஒரு அறையில், குடியோ கும்மாளமோ மிரட்டலோ இல்லாமல், மரியாதையான பேச்சிலேயே இது நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நடக்காதா?

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். நீளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துத் தவறான விடையைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போயின. ஆனால் சரியான விடையைச் சொல்ல இன்னும் ஒரே ஒருவர் உடன் இருந்தால் போதும், அந்தத் தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பிள்ளைகளுக்கு அந்த இன்னொருவராகச் சில நேரம் ஒரு கதைப் பாத்திரம் இருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்தில் அந்த இன்னொருவராக இருக்க உங்களில் யாராவது முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத எழுத என் குரல் உயர்ந்துவிட்டது என்று தெரிகிறது. வார்த்தை எங்கேயாவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் நீங்களும் இதைச் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே பணிவாக மறுபடியும் கேட்கிறேன். கடைசிப் பக்கம் வரை படியுங்கள். 23 புத்தகங்களையும் படிக்க நேரமில்லை என்றால் அந்த ஒன்றையாவது படியுங்கள். படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், காரணத்தை எழுதுங்கள். நான் அதை மாணவர்களிடம் அப்படியே படித்துக்காட்டுகிறேன், அவர்களும் பதில் சொல்லட்டும். மேல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை உங்கள் கூட்டத்துக்கு அழைத்துக் கேட்டாலும் நல்லது. எந்த இடத்தில் புத்தகத்தை மூடத் தோன்றியது, எந்த இடத்தில் மூட முடியவில்லை என்று அவர்கள் நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அதற்கெல்லாம் நாள் ஆகும் என்றால், முதலில் ஒரே ஒரு பிரதியை மட்டும் வரும் புதன்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். இரண்டாவது பெட்டியில், மேலிருந்து நான்காவதாக இருக்கும். 118-ஆம் பக்கத்தில் ஒரு நீல நூல் இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் நூலகர்