பதிஞ்சு வைக்கறதா பாத்து வாங்குப்பா

கண்ணா,

தானா வாசிக்கிற பியானோ வாங்கப் போறேன்னு போன்ல சொன்னே, எதும்மா நல்லாருக்கும்னு சும்மா கேட்டியோ என்னவோ, இங்க நாலு நாளா வீட்ல அதே பேச்சுதான். அப்பா டைரில கோடு போட்டு ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்காரு.

ஸ்டெயின்வே ஸ்பிரியோ கேக்க அவ்ளோ நல்லாருக்கு, ஒரு கட்டையையே 1020 விதமான அழுத்தத்துல வாசிக்குமாம், மெதுவா வர்ற எடத்துல எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. ஆனா சாதா ஸ்பிரியோ வாசிக்கத்தான் செய்யும், நீ வாசிச்சா பதிஞ்சு வைக்காது, அதுக்கு 2019ல வந்த ஆர் மாடல் வாங்கணும். யமஹா டிஸ்க்லேவியர்ல பதியலாம், ஹெட்போன் மாட்டி ராத்திரி ரெண்டு மணிக்கு வாசிச்சாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது, அதுலயும் வாசிக்க மட்டும்னே ஒரு மாடல் இருக்காம், கேட்டு வாங்கு. இது ரெண்டும் ஃபேக்டரிலயே வச்சு வர்றது. பியானோடிஸ்க், க்யூஆர்எஸ்னா இருக்கிற பியானோலயே மாட்டலாம், அடிப்பலகைய நீளமா அறுத்து 88 கட்டைக்கும் ஆளுக்கொரு சோலினாய்டு, அதான் கட்டைய அசைக்கிற கரண்ட் காந்தம், வைப்பாங்க, அறுக்கறவன் சரியில்லன்னா பியானோ போச்சு, நல்ல ஆளா பாரு. எதுவா இருந்தாலும் பதியறது இருக்கணும் கண்ணா.

வீடு ரொம்ப அமைதியா இருக்கும்மான்னு சொன்னியே, அதுலேந்து எனக்கு தூக்கமே இல்ல. வீடியோல ஆளே இல்லாம கட்டை மட்டும் எறங்கி எறங்கி ஏறுது, நீ தள்ளி சோபால தனியா உக்காந்து அதைப் பாத்துட்டு இருப்பேன்னு நெனச்சா வயித்த என்னமோ பண்ணுது. நீ வாசிக்காத பிள்ளையா? அஞ்சாவது கிரேடுல அந்த எக்ஸாமினர் எழுந்து வந்து சொன்னதை மாமி இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. பதியறதா பாத்து வாங்கு.

அப்பா போனை வாங்கினா "ம்ம், சரிப்பா"வுக்கு மேல நீ பேசறதில்ல. பத்தாவது பரிட்சை சமயத்துல நம்ம வீட்டு பியானோ மூடியப் பூட்டினது அவரு இல்லப்பா. நான்தான். அவரு ஆபீஸ் போனப்பறம் பூட்டிட்டு சாவிய துணில முடிஞ்சு அரிசி டிரம்முக்குள்ள போட்டேன். நீ ஸ்கூல்லேந்து வந்து பேகைக்கூட கழட்டாம மூடிய ரெண்டு தரம் இழுத்துப் பாத்தே, யாரும்மா பூட்டினதுன்னு கேட்டே, உன் மொகத்தைப் பாத்ததும் பயந்துபோய் அப்பாதான்னுட்டேன். நீயும் அவர்கிட்ட கேக்கல. அவருக்கு அப்பறம் தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல. பரிட்சை முடிஞ்சு நானே தொறந்து வச்சு தொடச்சும் வச்சேன், நீ அந்தப் பக்கமே போகல. 21 வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்து சொல்லாமலே விட்டுட்டேன். என் மேல கோவப்படு, அவர் மேல வேணாம்.

டைரி பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன். பெடலைப் பத்தி என்னமோ ரெண்டு தரம் அடிக்கோடு போட்டிருக்காரு, எனக்குப் புரியல. அவருக்கே போன் பண்ணி கேளு, பத்து மணி வரைக்கும் முழிச்சிட்டுதான் இருப்பாரு.

அம்மா