பாஷை தானா வந்துரும்னு சொல்லி பசங்கள அனுப்பாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வேலைவாய்ப்பு பக்கத்துல சவூதிக்கு ஏசி டெக்னீஷியன், பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேணும்னு ஒரு விளம்பரம் பாத்தேன், சாப்பாடு ரூம் ஃப்ரீ, ஓவர்டைம் உண்டுன்னு எல்லாம் போட்டுட்டு கடைசி வரில மொழி தெரிய வேண்டியதில்லைன்னு இருந்துச்சு. அந்த ஒரு வரி மனசுல இருந்து போகவே மாட்டேங்குது, அதனாலதான் இந்த லெட்டர். பேப்பருக்கு எழுதி பழக்கம் இல்ல, பேசற மாதிரியே எழுதியிருக்கேன், பெருசா இருந்தா குறைச்சு போட்டுக்கங்க, ஆனா நம்பர் பத்தி கடைசில கேட்டிருக்கறத மட்டும் விட்ராதீங்க.

நான் ஐடிஐல ஏசி மெக்கானிக் படிச்சவன். 2012ல ரியாத் போனேன், 2018ல ஃபைனல் எக்ஸிட் அடிச்சு, அதாவது ஒரேயடியா முடிச்சுட்டு ஊருக்கு வந்துட்டேன், இப்ப பரமக்குடில சின்னதா சர்வீஸ் கடை வச்சிருக்கேன். போறப்ப சப்-ஏஜெண்ட் கிட்ட அண்ணே எனக்கு அரபி ஒரு வார்த்தை கூட தெரியாதேன்னு கேட்டேன். "தம்பி, அதெல்லாம் போனா தானா வந்துரும், கைத்தொழில் இருக்குல்ல, கை பேசும்"னாரு. அவர் கெட்ட மனுஷன் இல்ல, அவர் பாத்த பசங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க, அவருக்கு அதுதான் தெரியும்.

தானா வந்துச்சுதான், ஆனா வந்தது அரபி இல்ல. எங்க கேம்ப்ல ஒரு ரூமுக்கு எட்டு பேரு, பீகார், உத்தரப்பிரதேசம், பங்களாதேஷ், கேரளா, தமிழ்ல பேச என்னையும் சேத்து ரெண்டே பேரு. சூப்பர்வைசர் பாகிஸ்தான்காரர். அதனால முதல் வருஷத்துல எனக்கு வந்தது ஹிந்தி, ரெண்டாவதா மலையாளம். அரபி பேசறது வீட்டுக்காரங்களும் ஆபீஸ்ல இருக்கறவங்களும்தான், அவங்களுக்கும் எனக்கும் நடுவுல எப்பவும் ஒரு ஆள் நின்னுகிட்டே இருந்தாரு. அந்த நடு ஆள் சொல்றதுதான் எனக்கு சேதி, நான் என்ன சொன்னேன்னு அவர் சொல்றதுதான் அவங்களுக்கு சேதி. சம்பளம் லேட்டானா கேக்கறதும் அவர் வழியா, லீவு கேக்கறதும் அவர் வழியா. இதுல எவ்வளவு நஷ்டம்னு வெளிநாடு போகாதவங்களுக்கு சொல்லி புரிய வைக்கறது கஷ்டம். வேலை தெரியும், நியாயமும் தெரியும், அத சொல்ல வாய் மட்டும் இன்னொருத்தர் கிட்ட இருக்கும்.

நான் ரியாத் போய் சேந்த மூணாவது வாரம் ஒரு வீட்டுக்கு என்னை தனியா இறக்கி விட்டுட்டு வேன் போயிருச்சு. வயசான அம்மா ஒருத்தங்க, மேல கைய காட்டி "மோயா, மோயா"ன்னு சொல்லிகிட்டே இருந்தாங்க. எனக்கு அப்ப மோயான்னா தண்ணின்னு மட்டும் தெரியும், குடிக்க தண்ணி வேணுமான்னு கேக்கறாங்கன்னு நெனச்சு வேண்டாம்னு கையாட்டிட்டேன். ஸ்ப்ளிட் ஏசி கூலிங் கம்மியா இருந்துச்சு, ஃபில்டர் கழுவி கேஸ் செக் பண்ணி கொஞ்சம் ஏத்தி விட்டுட்டு கிளம்பிட்டேன். டிரெயின் பைப் அடைச்சு உள்ள தண்ணி ஒழுகுதுன்னுதான் அந்தம்மா அவ்வளவு நேரம் சொல்லியிருக்காங்க. ராத்திரி கட்டில் மெத்தை எல்லாம் நனஞ்சு போய் காலைல கம்ப்ளெயிண்ட், என் சம்பளத்துல 200 ரியால் புடிச்சாங்க. அஞ்சு நிமிஷ வேலை அது, வயர் விட்டு அடைப்ப எடுத்து ஊதி விட்டா முடிஞ்சுச்சு. பணத்த விட அந்தம்மா மறுநாள் என்னைய பாத்த பார்வைதான் இன்னும் இருக்கு, வேலை தெரியாத பையன அனுப்பிட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க.

அதுக்கப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கி பாக்கெட்லயே வச்சுக்கிட்டேன், கேக்கற வார்த்தைய அப்படியே தமிழ்ல எழுதுவேன். முகய்யிஃப்னா ஏசி, பாரித்னா குளிரு, கர்பான்னா ரிப்பேர், கஹ்ரபான்னா கரண்ட். இந்த கஹ்ரபாங்கற வார்த்தை ஒருத்தனுக்கு உயிரே குடுக்கும், பிரேக்கர ஆன்ல விட்டுட்டு கீழ இருந்து ஒருத்தர் கஹ்ரபான்னு கத்தறப்ப மேல பேனல திறந்து வச்சிருக்கறவனுக்கு அது புரியலன்னா என்ன ஆகும்னு யோசிங்க. இஜாஸான்னா லீவு, ராத்திப்னா சம்பளம், யமீன் வலது, யசார் இடது. அங்க எல்லா நாட்டுக்காரங்களும் பேசற அரபி ஒரு மாதிரி உடஞ்ச அரபிதான், இலக்கணம் எதுவும் கிடையாது, "அனா ரூஹ்"னா நான் போறேன், அப்புறம் நீ போ, நாளைக்கு போவேன் எல்லாத்துக்கும் ரூஹ்தான். வேலை பாக்க அது போதும், ஒரு 200 வார்த்தை இருந்தா ஒரு வீட்டுக்குள்ள தனியா போய் என்ன கோளாறுன்னு கேட்டு சரி பண்ணிட்டு காசு வாங்கிட்டு வந்துரலாம். அந்த 200 வார்த்தைய சேக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, ஊர்ல ஒரு மாசம் சாயங்காலம் உக்காந்து படிச்சிருந்தா வந்திருக்கும்.

ஆனா பேச்சு மட்டும் வந்தா பத்தாதுன்னு எனக்கு கடைசிலதான் புரிஞ்சுச்சு. அந்த ஊர்ல நம்பரே வேற மாதிரி எழுதுவாங்க. அவங்க 5 பாக்க நம்ம 0 மாதிரி வட்டமா இருக்கும், அவங்க 0 வெறும் புள்ளி, 6 நம்ம 7 மாதிரி இருக்கும், 7 மேல திறந்த மாதிரியும் 8 அத கவுத்து வச்ச மாதிரியும் இருக்கும். 1,500 ரியால்னு எழுதியிருந்தா புதுசா போனவனுக்கு ஒரு கோடு, ஒரு சைபர், ரெண்டு புள்ளி, அவ்வளவுதான் தெரியும், பத்துன்னு நெனப்பான். எழுத்து வலது பக்கம் இருந்து ஓடும், நம்பர் மட்டும் நம்மள மாதிரியே இடமிருந்து வலம். இந்த பத்து நம்பர கத்துக்க ஒரு சாயங்காலம் போதும்.

நான் நம்பர் கத்துக்கிட்டேன், எழுத்து கத்துக்கல. 2018ல கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்கு வர்றப்ப கணக்கு முடிக்க ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, அந்த பேப்பருக்கு முகாலஸான்னு பேரு. சவூதி சட்டப்படி கான்ட்ராக்ட் முடிஞ்சு போறவனுக்கு முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாச சம்பளமும், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாச சம்பளமும் சர்வீஸ் பணமா குடுக்கணும். எனக்கு 1,500 ரியால் சம்பளம், ஆறு வருஷம், கணக்கு போட்டா 5,250 ரியால் வரும். பேப்பர்ல வட்டம், திரும்பின 2, வட்டம், புள்ளின்னு 5,250 சரியா இருந்துச்சு, அத படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பணம் எப்பன்னு கேட்டேன், நீ ஊருக்கு போனதும் அக்கவுண்ட்டுக்கு வரும், சீக்கிரம் சைன் போடு ஃப்ளைட் போயிரும்னு அங்க இருந்த கிளார்க் ஹிந்தில சொன்னாரு. போட்டேன், கட்டை விரல் ரேகையும் வச்சேன். பணம் வரவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அந்த பேப்பர் போட்டோவ கீழக்கரை நண்பர் ஒருத்தருக்கு அனுப்பினேன், அவரு சின்ன வயசுல இருந்து அரபி ஓதினவரு, எழுத்து கூட்டி படிப்பாரு, துபாய்ல இருந்து பேச்சும் தெரியும். அவர்தான் சொன்னாரு, நம்பருக்கு முன்னாடி "இஸ்தலம்த்"னு இருக்கு மச்சான், வாங்கிட்டேன்னு அர்த்தம், எல்லா பாக்கியும் ரொக்கமா வாங்கிட்டேன்னு நீ எழுதி குடுத்திருக்கேன்னு. அன்னைக்கு கணக்குக்கு ஏறக்குறைய 95,000 ரூபாய். அப்பா கண் ஆபரேஷனுக்கும் தங்கச்சிக்கும்னு மனசுல பிரிச்சு வச்சிருந்த பணம்.

கம்பெனி பேர நான் சொல்ல விரும்பல, சண்டை போட இத எழுதல. அந்த ஊர் சட்டத்துல அரபில எழுதினதுதான் செல்லும், இங்கிலீஷும் சேத்து ரெண்டுலயும் எழுதியிருந்தா கூட அரபிதான் செல்லும், அது அவங்க நாடு. அதே மாதிரி ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12 மணில இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அங்க ரூல் இருக்கு. ரெண்டு கோடை நான் அந்த நேரத்துல மொட்டை மாடில அவுட்டோர் யூனிட்ட கழட்டிகிட்டு இருந்தேன், எனக்கு தெரியாது. அதுக்கான நோட்டீஸ் கேம்ப் வாசல்ல அரபில ஒட்டியிருந்திருக்கு, தெனமும் அத தாண்டித்தான் வேன் ஏறுவேன்.

இதுல ஒண்ணு மட்டும் யோசிச்சு பாருங்க ஐயா. ஜெர்மனில நர்ஸா அங்கீகாரம் வாங்கணும்னா பி2ங்கற லெவல் வரைக்கும் ஜெர்மன் பாஸ் பண்ணணும், ஜப்பானுக்கு கேர்கிவர் வேலைக்கு போகணும்னா என்4ங்கற லெவல் அளவுக்காவது ஜப்பானீஸ் வேணும். அந்த நாடுகள் கேக்குது, அதனால நம்ம ஊர்ல கிளாஸ் வருது, பசங்க படிக்கறாங்க, அரசாங்கமும் உதவி பண்ணுது. கல்ஃப் கேக்கறதில்ல, அதனால யாரும் சொல்லித் தர்றதில்ல. ஆனா நம்ம மாவட்டத்துல இருந்து ஜெர்மனி போறவங்கள எண்ணிரலாம், கல்ஃபுக்கு போகாத தெரு ஒண்ணு காட்டுங்க பாப்போம். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலோரம் எல்லாம் இதே கதைதான். சிங்கப்பூர்னா கூட பரவால்ல, அங்க தமிழ் ஆட்சி மொழி, கட்டட வேலை சேஃப்டி கோர்ஸே தமிழ்ல எடுக்கலாம். துபாய் பக்கம் 2016ல இருந்து வேலை ஆஃபர் லெட்டர தமிழ்லயும் வாங்கலாம், இது நிறைய பசங்களுக்கு தெரியவே தெரியாது, தயவு செஞ்சு கேட்டு வாங்குங்கப்பா.

போறதுக்கு முன்னாடி நடக்கற ஓரியண்டேஷன் கிளாஸ் ஒரே ஒரு நாள். அதுல பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாதுன்னு சொல்றாங்க, எல்லாம் தேவையான விஷயம்தான், ஒரு நாள்ல பாஷைக்கு எங்க நேரம் இருக்கும். நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஐடிஐல கடைசி வருஷம் சாயங்காலத்துல ஒரு மாசம், வேலை அரபின்னு ஒரு கிளாஸ் வைங்க. பத்து நம்பர், 200 வார்த்தை, எழுத்து கூட்டி படிக்க, அப்புறம் சைன் போடற பேப்பர்ல வர்ற ஒரு இருவது வார்த்தை, அதுல இஸ்தலம்த் கண்டிப்பா இருக்கணும். வாத்தியார தேடி சென்னைக்கு போக வேணாம், ஒவ்வொரு ஊர்லயும் இருவது வருஷம் கல்ஃப்ல இருந்துட்டு வந்து சும்மா திண்ணைல உக்காந்திருக்கற பெரியவங்க இருக்காங்க, டிரைவரா இருந்தவரு, சமையல் பண்ணினவரு, அவங்கள கூப்பிட்டா சந்தோஷமா வருவாங்க. எழுத்துக்கு மதரஸால ஓதிக் குடுக்கற ஹஜரத் ஒருத்தர கேட்டா போதும். ஓஎம்சிஎல் 1978ல இருந்து இருக்கற நம்ம தமிழ்நாடு அரசு நிறுவனம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பறதே அவங்க வேலை, இந்த பாடத்த ஒரு சின்ன புத்தகமா அச்சடிச்சு குடுக்க அவங்களால முடியும்னு நம்பறேன். வீட்டு வேலைக்கு போற பொம்பளைங்களுக்கு இது இன்னும் அவசரம், எங்களுக்காவது கேம்ப்ல ஹிந்தி பேச ஆள் இருந்துச்சு, அவங்க ஒரு வீட்டுக்குள்ள தனியா இருப்பாங்க, உடம்பு முடியலன்னு சொல்லக் கூட வார்த்தை வேணும்.

எங்க தெருவுல ரெண்டு பசங்க அடுத்த மாசம் சவூதில இருக்கற தம்மாம் போறாங்க, ஒருத்தன் பிளம்பர், ஒருத்தன் என் கடைலயே வேலை கத்துக்கிட்டவன். ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டர பாதி இறக்கிட்டு கம்ப்ரசர் அட்டைப்பெட்டிய கிழிச்சு அதுல பெருசா நம்பர் எழுதி வச்சு சொல்லித் தர்றேன், 2க்கும் 3க்கும் இன்னும் தடுமாறறாங்க, மத்தது வந்துருச்சு. வேற யாராவது வந்தாலும் உக்காரலாம், காசு எதுவும் வேண்டாம்.

உங்க கிட்ட கேக்கறது இதுதான். ஞாயித்துக்கிழமை அந்த வெளிநாட்டு வேலை விளம்பரம் வர்ற பக்கத்துல, ஓரத்துல ஒரு சின்ன கட்டம் கட்டி, அரபி நம்பர் பத்தையும் வரிசையா போட்டு கீழ நம்ம நம்பர போடுங்க. அந்த விளம்பரத்த வெட்டி பாக்கெட்ல வச்சுக்கிட்டு ஏஜெண்ட பாக்க போற பையன் அதையும் சேத்து வெட்டிக்குவான்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக், பரமக்குடி