அப்பாவுக்கு ஊட்டிய கைகளுக்கு

தாராவி, மும்பை

உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து 2 மாதம் ஆகிறது. நேற்று விடிகாலை 4 மணிக்கு அவராகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இட்லி மாவுப் பானையைத் திறந்து பார்த்து, "இன்னும் பொங்கலையே" என்றார். அம்மா அழுதுவிட்டாள். இத்தனை நாள் தள்ளிப்போட்ட இந்த மடலை இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களை உங்களுக்கே தெரியும்.

ஆடி மழையில் வந்த காய்ச்சல் நிமோனியாவாக மாறியது. முதலில் சேர்த்த இடத்தில் 3 நாள் சலைன் மட்டும்தான் ஏறியது. "சாப்பாடு?" என்று கேட்டதற்கு, "பாட்டில்லயே எல்லாம் போகுது" என்றார்கள். நம்பினோம். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் ஏற்றினாலும் உள்ளே போவது 50 கிராம் சர்க்கரை, 200 கலோரிகூட வராது, புரதம் துளியும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே வீட்டில் இரண்டு மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவரை அப்படிப் பட்டினி போட்டுவிட்டோமே என்பது இன்றும் உறுத்துகிறது.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிய இரவே வென்டிலேட்டர் போட்டார்கள். மறுநாள் மதியம் ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்ததும், மூக்கு வழியாக வயிறு வரை போகும் ரைல்ஸ் டியூப் இறக்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர் ஒருவர் ஊரிலிருந்து போன் செய்து, "மூக்குல டியூப் போட்டாச்சா? அப்போ அவ்வளவுதாம்மா" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டயட்டீஷியன் மேடம், அப்போது வந்தது நீங்கள். அம்மாவின் பக்கத்தில் நீங்களும் தரையில் உட்கார்ந்து, இந்தியும் மராத்தியும் கலந்து பேசினீர்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இது கடைசிக் கட்டம் இல்லை, அவருக்குச் சாப்பாடு போகிற வழி. வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருக்கும்போது வாயால் சாப்பிட முடியாது. குடல் நன்றாக இருக்கும்போது அதைச் சும்மா போடக்கூடாது. போட்டால் அதன் உள்சுவரே மெலிந்துபோகும்." 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் முறை என்றும் சொன்னீர்கள். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். எடை 60 கிலோ. கிலோவுக்கு 25 கலோரி வீதம் ஒரு நாளைக்கு 1500. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்றாலும் 72 கிராம். அந்தக் காகிதம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

ஆனால் முதல் நாள் டியூபில் கொடுத்த பால் போன்ற திரவ உணவு மணிக்கு 20 மில்லி. நான்கு டீஸ்பூன். மும்பையில் அரை கிளாஸ் கட்டிங் சாய்கூட அதைவிட அதிகம். நான் கோபப்பட்டேன், மேடம். மன்னித்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தையே பாதிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலில் வைட்டமின் பி1 ஊசி, தினமும் ரத்தப் பரிசோதனை, அதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. 5 நாளில் 1500 கலோரிக்கு வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இன்சுலினையும் அதோடு சேர்த்துச் சரிபார்த்த டாக்டர்களுக்கும் நன்றி.

நைட் டியூட்டி சிஸ்டர், உங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. கோட்டயம் மலையாளத்தில் நீங்கள் "அப்பச்சா" என்று கூப்பிட்டதும், மயக்கத்திலும் அப்பாவின் புருவம் அசைந்ததை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். டியூபில் மூக்கு நுனிக்கு நேராக 58 என்று ஒரு குறி. ஒவ்வொரு முறையும் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பால் பையைத் திறப்பீர்கள். கட்டிலின் தலைமாடு எப்போதும் 30 டிகிரிக்கு மேலே. அப்பா கீழே சரியச் சரிய, வார்டு மாமாக்கள் இரண்டு பேர் வந்து மேலே இழுத்துப் படுக்க வைப்பார்கள். ஒரு இரவில் எத்தனை முறை! மட்டமாகப் படுத்தால் வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் அலுக்காமல் வந்தீர்களே மாமா, அதற்குத்தான் நன்றி.

மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பொடித்துக் கரைத்து, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டீர்கள் சிஸ்டர். மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்று சீட்டில் இருந்தது. அதைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும் என்று சொல்லி, டாக்டரைக் கூப்பிட்டு மாற்றி எழுத வைத்தீர்கள். அந்த டியூப் ஒரு நாள்கூட அடைக்கவில்லை.

அப்புறம் அம்மாவின் தீர்த்தம். கோயிலிலிருந்து கொண்டுவந்ததை டியூபில் ஒரு சொட்டு விடச் சொல்லி அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் விரட்டவில்லை. "உள்ளே கிருமி போகும் அம்மே, நெற்றியில் தொட்டு வைக்கலாம்" என்று ஈரப் பஞ்சை அம்மா கையில் கொடுத்தீர்கள். நெற்றி, இரண்டு கண், உதடு. அதற்குப் பிறகு அம்மா தூங்கினாள்.

14ஆம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். மறுநாள் இரவு 2 மணிக்கு, நினைவு குழம்பிய நிலையில் அப்பா டியூபைப் பாதி இழுத்துவிட்டார். பாதி இழுத்த டியூப்தான் முழுதாக வந்ததைவிட ஆபத்து என்றீர்கள் சிஸ்டர். பால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகலாம். உடனே நிறுத்தி, எடுத்து, வேறு போட்டு, எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று நின்றீர்கள். அந்த நேரத்தில் மூன்று மாடி தாண்டி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த எக்ஸ்ரே அண்ணா, உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. நன்றி.

வார்டுக்கு மாற்றிய பிறகு மௌஷிதான், அதாவது வார்டு ஆயாம்மாதான், அம்மாவுக்கு ஆசிரியர். 200 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. சிரிஞ்சை அழுத்தாதே, உயர்த்திப் பிடி, தானாக இறங்கட்டும். கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார வை. வாயால் சாப்பிடவில்லை என்றாலும் வாயைச் சுத்தம் செய். அம்மாவுக்கு இந்தி தெரியாது, மௌஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.

தொடை குச்சியாகிவிட்டதைப் பார்த்து நான் பயந்தபோது, ஐசியுவில் படுத்த பத்து நாளில் தொடைத் தசை ஆறில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும், சாப்பாடு மட்டும் அதை நிறுத்திவிடாது என்று சொல்லி, கட்டிலிலேயே காலை மடக்கி நீட்ட வைத்த பிசியோ தம்பிக்கும் நன்றி.

நான்கு வாரத்துக்கு மேல் இழுத்தால் வயிற்றில் துளையிட்டு பெக் டியூப் வைப்பது பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்பே பேச்சுப் பயிற்சி மேடம் தினமும் வந்தார்கள். கெட்டியாக்கிய தண்ணீர் அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, விழுங்கிய பிறகு "ஆ" சொல்லச் சொல்வார்கள். குரல் ஈரமாக வந்தால் தண்ணீர் தொண்டையிலேயே நிற்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு அவ்வளவுதான். பல நாள் ஈரமாகத்தான் வந்தது. 24ஆம் நாள் தெளிவாக வந்தது. மறுநாள் தயிரில் பசையாகக் குழைத்த இட்லி, ஸ்பூன் நுனியில். இரண்டு நாள் பார்த்துவிட்டு 26ஆம் நாள் டியூபை எடுத்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அந்த இட்லி எங்கள் வீட்டு மாவில் அவித்தது. அது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த 38 நாளும் அவர் சைக்கிளில் இட்லி விற்கப் போகும் தாதர் லைனை எங்கள் சந்து விடவில்லை. எதிர்வீட்டு அத்தை மாவாட்டினார்கள். அண்ணாச்சி தன் லைனை முடித்துவிட்டு, அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். வாடிக்கையாளர் ஒருவர்கூடப் போகவில்லை. அந்தக் காசில்தான் மருந்துச் செலவு பாதி நடந்தது.

அண்ணாச்சி, கிரைண்டருக்கு பெல்ட் மாற்றியது, சைக்கிளுக்கு டயர் போட்டது எல்லாம் உங்கள் கைக்காசு என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அப்பா நோட்டில் எழுதி, பணத்தை ஒரு கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வேண்டாம் என்று சொல்லாமல் அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இட்லிக்கார வீட்டு மூத்த மகள்