கொட்டேஷனுக்குத் தேதி போட்டால் திட்டம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகள் பலவும் இப்போது நிறுவன வளர்ச்சித் திட்டம் எழுதிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2024இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் உங்கள் நீண்டகாலத் திட்டம் எங்கே, அதை எப்படி நடைமுறைப்படுத்தினீர்கள் என்று கேட்பார்கள், ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும். நான் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் சேலம் பக்கத்து நண்பர்கள் சிலர் தங்கள் கல்லூரித் திட்டத்தின் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி கொட்டேஷனுக்குத் தேதி போட்ட மாதிரிதான் இருக்கிறது. முதல் வருடம் ஸ்மார்ட் போர்டு, இரண்டாம் வருடம் புது சர்வர், மூன்றாம் வருடம் ஏஐ ஆய்வகம். சரி, எந்தப் பாடத்துக்கு, யார் பார்த்துக்கொள்வார்கள், வாரண்டி முடிந்த பிறகு ரிப்பேருக்குப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று தேடினால் ஒரு வரி கிடையாது.

விண்டோஸ் 10ஐ எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. அந்தத் தேதி பல வருடங்களுக்கு முன்பே அறிவித்ததுதான், திடீரென்று வந்து நிற்கவில்லை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும், 2018க்கு முன் வாங்கிய லேப் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. இது தெரிந்த கல்லூரி என்ன செய்திருக்கும்? எந்த இயந்திரம் எந்த வருடம் வாங்கியது என்று ஒரு பதிவேடு போட்டு, சி, ஜாவா, பைத்தான் நடத்தும் லேப்களை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டு (அவை எல்லாம் அதில் நன்றாகவே ஓடும், காசும் கிடையாது), டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது என்பதால் வணிகவியல் துறைக்கு மட்டும் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும். பாதிச் செலவில் வேலை முடிந்திருக்கும். நான் படித்த திட்டங்களில் அந்தப் பதிவேட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அது இல்லாமல் ஐந்து வருடத்துக்கு எதைத் திட்டமிடுவது?

அடுத்து மென்பொருள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் வருகைப்பதிவு, கட்டணம், இன்டர்னல் மார்க் எல்லாவற்றுக்கும் ஒரு தனியார் மென்பொருள் வாங்கினார்கள். முதல் வருடம் மலிவாகக் கொடுத்தார்கள், அப்புறம் வருடா வருடம் ஏற்றினார்கள், கட்டுப்படியாகாமல் வேறு இடம் போகலாம் என்று எங்கள் விவரங்களைக் கேட்டால் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அத்தனை வருட மார்க்கையும் அலுவலகத்துப் பெண்கள் உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தார்கள். ஒப்பந்தத்தில் 'விலகும்போது முழுத் தரவையும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் தர வேண்டும்' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இத்தனைக்கும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில் டெல்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சமர்த் என்ற நிர்வாக மென்பொருள் இருக்கிறது, நூலகத்துக்குக் கோஹா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அவைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பதைத் திட்டத்தில் எழுதுங்கள், அது போதும்.

இலவசம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பது வேறு விஷயம். கூகுள் கல்விக் கணக்குகளில் இடத்துக்கு அளவே இல்லை என்று நம்பி வகுப்பு வீடியோக்களைக் கொட்டி வைத்தவர்களுக்கு, 2022இல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமே 100 டெராபைட் என்று வந்தபோதுதான் விழிப்பு வந்தது.

மாணவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் இன்று ஏதோ ஒரு கம்பெனி சர்வரில் கிடக்கின்றன. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவை வெளி நிறுவனத்திடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு கல்லூரிக்குத்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதை யார் கவனிப்பது என்றால் அனேக இடங்களில் பதில் 'லேப் அசிஸ்டென்ட்' என்றுதான் வருகிறது, அல்லது கணினி தெரிந்த பாவத்துக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதற்கென்று சம்பளத்தோடு ஒரு ஆள் இல்லாத திட்டம் எத்தனை பக்கம் இருந்து என்ன?

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மாணவன் கையிலேயே கருவி வந்துவிட்டால் இன்னொரு அறுபது கம்ப்யூட்டர் லேப் எதற்கு? வகுப்பறையில் பிளக் பாயின்ட் வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்தாலும் தாங்குகிற வைஃபை வேண்டும், நல்ல எர்த்திங் வேண்டும். சித்திரை வைகாசியில் இங்கே இடி இடிக்கும் வேகத்துக்கு எர்த்திங் சரியில்லாத கட்டடத்தில் ரவுட்டரும் ஸ்விட்சும் தப்பிப்பது கஷ்டம். ஆனால் எர்த்திங் குழிக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள் இல்லையா, அதனால் அது பட்டியலில் ஏறுவதே இல்லை.

கடைசியாக, ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகள். பாடத்தை எல்லாம் வீடியோவாகப் போட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மாலை பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போனால் சிக்னல் வந்து வந்து போகிற ஊர்களும் அங்கே உண்டு, அந்தப் பிள்ளைகள் எப்போது பார்ப்பார்கள்? கல்லூரியிலேயே டவுன்லோட் செய்துகொள்ள வசதி செய்யலாம், வீடியோவோடு நாலு பக்கக் குறிப்பும் தரலாம், இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

திட்டம் எழுதும் முன் மாணவர்களிடம் கேட்டீர்களா என்றால், கூகுள் ஃபார்ம் அனுப்பினோம் சார், நல்ல ரெஸ்பான்ஸ் என்கிறார்கள். நெட் இருக்கிறவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். அதே கேள்விகளைத் தமிழில் அச்சடித்து ஒரு நாள் முதல் பீரியடில் வகுப்பு வகுப்பாகக் கொடுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.