முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோய்த் தடுப்பு முகாம் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டரில் ஓர் எண், கையில் ஒரு துண்டறிக்கை, மேடையில் ஓர் உரை. இத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்பதோடு செய்தி முடிந்துவிடும். இது நோயைக் கண்டறியும் வேலை. தடுப்பு அதற்குப் பிறகு ஓராண்டு ஓட வேண்டியது. பல இடங்களில் அது தொடங்குவதே இல்லை.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலமாகிறது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, 2001இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு, 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு மூன்றும் முடியும் என்றே காட்டின. 3,234 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். இந்த 58ஐ எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அதற்காக என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. முதல் 24 வாரங்களில் ஆளுக்குத் தனித்தனியாக 16 அமர்வுகள் நடந்தன. பிறகும் தொடர்பு விடவில்லை. எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகநடை அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று இலக்கும் இருந்தது. மருந்தைப் போலவே ஆலோசனைக்கும் அளவு உண்டு. பதினாறு வேளை மருந்தில் ஒரு வேளையை மட்டும் கொடுத்துவிட்டு முழுப் பலனை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தனித்தனி அமர்வுகள் ஊர் முழுவதற்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனால் குழுவாக நடத்தினாலும் பலன் உண்டு. அமெரிக்கா பின்னர் தேசிய அளவில் கொண்டுவந்த குழுத் திட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 22 அமர்வுகள்: முதல் ஆறு மாதத்தில் 16, அடுத்த ஆறு மாதத்தில் 6. அதில் சேர்ந்த 14,747 பேரின் பதிவுகள் 2017இல் வெளியாயின. சராசரி எடைக் குறைவு 4.2 சதவீதம், அத்திட்டத்தின் 5 சதவீத எடைக்குறைப்பு இலக்கைத் தொட்டவர்கள் 35.5 சதவீதம் பேர். கூடுதலாக வந்த ஒவ்வோர் அமர்வுக்கும் எடை 0.31 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆக, வருகைப் பதிவேடுதான் இந்தத் திட்டத்தின் உயிர். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரை மூன்றாவது வாரத்துக்குள் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் நிதி ஒதுக்கீட்டில் முதலில் வெட்டப்படுவது அந்த ஆளின் சம்பளம்தான்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. மேலே சொன்ன மூன்று ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை, அதாவது நோய்க்குச் சற்றுக் கீழே, இருந்தவர்கள். வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியிருப்பவர்களுக்கு வாழ்க்கைமுறைப் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று மெலிதாகவே இருக்கிறது. கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. நோய் வரும் வாய்ப்பைச் சில கேள்விகளால் கணக்கிடும் ஆபத்து மதிப்பெண்ணை வைத்து ஆள் சேர்த்தார்கள். சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்களே குழுவை நடத்தினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நோய் வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 14.9 சதவீதம், மற்றக் குழுவில் 17.1 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்கிறது. இதைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. யாரைச் சேர்க்கிறோம் என்பதும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கிறது என்று படிப்பதே பயனுள்ளது.

ஆகவே இரண்டு படி வேண்டும். முதலில் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கு கேள்விகள் கொண்ட இந்திய ஆபத்து மதிப்பெண். 100க்கு 60ம் அதற்கு மேலும் எடுப்பவர்கள் அடுத்த படிக்கு. அங்கே குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் அதிலுள்ள குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலையில் எடுத்த குழாய் மதியம் ஆய்வகம் சேர்ந்தால் ஆபத்தில் உள்ளவர் 'இயல்பு' என்று வீட்டுக்குப் போய்விடுவார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எளிது என்றாலும், இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் அது கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தசோகை பரவலாக உள்ள இடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

இடுப்பு அளவும் இப்படித்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடா தரைக்கு இணையாக இருக்க அளக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்தில், ஆடைக்கு மேலே அளந்தால் சில சென்டிமீட்டர் மாறும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அந்த மாற்றமே மதிப்பெண்ணில் 10ஐக் கூட்டும் அல்லது குறைக்கும். எடைக் கருவியைச் சமமான, கடினமான தரையில் வைத்து, எடை தெரிந்த ஒரு பொருளால் வாரம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

எடை பற்றி இன்னொன்று. சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைமுறைப் பயிற்சி நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது. பங்கேற்றவர்களின் எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. அவர்களில் பலர் மேலைநாட்டு ஆய்வுகளில் இருந்தவர்களைப் போலப் பருமனானவர்கள் அல்லர். ஒல்லியாக இருந்தும் ஆபத்தில் உள்ளவரை வாராவாரம் எடை மேடையில் ஏற்றி, 'குறையவில்லையே' என்று சொன்னால் நான்காம் வாரம் அவர் வரமாட்டார். அவருக்கு உடலுழைப்பு நிமிடங்களையும் இடுப்பளவையும் கணக்கில் எடுங்கள். 7 சதவீத இலக்கு பருமனானவருக்கு: 80 கிலோ என்றால் 5.6 கிலோ, ஆறு மாதத்தில். உடலுழைப்பையும் முதல் வாரமே 150 நிமிடம் என்று கேட்டால் முட்டிவலியில் முடியும். வாரம் 50, 60 நிமிடத்தில் தொடங்கி ஐந்தாறு வாரத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

குழுவுக்கு 10 முதல் 15 பேர் போதும். நாற்பது பேர் சேர்ந்தால் அது மறுபடியும் உரையாகிவிடும். சாப்பிட்டதை எழுதி வந்த குறிப்பேட்டைப் படித்துப் பார்த்து, இந்த வாரம் எது இடறியது என்று கேட்க நேரம் இருக்காது. குறிப்பேட்டைத் திருத்துவதுதான் அமர்வின் முதன்மையான வேலை, பாடம் நடத்துவது அதற்கு அடுத்ததுதான்.

இனி தடுப்பு முகாம் பற்றிய செய்திகளில், பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு இன்னும் மூன்று எண்களைக் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறோம்: 2 மணி நேரப் பரிசோதனைக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், ஒன்பதாவது அமர்வுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், ஓராண்டு கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்.

இப்படிக்கு,
சமூக மருத்துவத் துறையினர் சிலர்