வரைபடம் இல்லாத போர்ப் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஞாயிறு புத்தகப் பக்கத்தில் வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதுகிறேன். உளவு நாவல்கள் நேரத்தை வீணாக்குபவை என்றும், ராணுவ வரலாறு ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு மட்டுமே ருசிக்கும் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். நான் ஓய்வுபெற்ற சிப்பாய்தான், சிக்னல்ஸ் பிரிவில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவன். ஆனால் ராணுவத்தில் சேருவதற்கு முன்பே, வாடகை நூலகத்து உளவு நாவல்கள்தான் என்னைப் போர் வரலாற்றின் பக்கம் இழுத்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டுமே புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

1939-இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் ஒரு குறிப்பு சுற்றுக்கு வந்தது. எதிரியை எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று யோசனைகளை அடுக்கிய குறிப்பு அது. கையெழுத்து அட்மிரல் ஜான் காட்ஃப்ரியுடையது. எழுதியது அவருடைய உதவியாளர் இயான் ஃபிளெமிங்காகத்தான் இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆமாம், பின்னாளில் ஜேம்ஸ் பாண்டைப் படைத்த அதே ஃபிளெமிங். ஒரு பிணத்தின் சட்டைப்பையில் பொய்க் கடிதங்களை வைத்து அதை எதிரியின் கையில் கிடைக்கச் செய்யலாம் என்பது அதில் ஒரு யோசனை. ஒரு நாவலில் படித்தது இது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது!

நான்கு ஆண்டுகள் கழித்து அதை உண்மையாகவே செய்தார்கள். யூவன் மாண்டேகு, சார்லஸ் சம்லி என்ற இரண்டு அதிகாரிகள் 'வில்லியம் மார்ட்டின்' என்ற இல்லாத மேஜர் ஒருவரை உருவாக்கினார்கள். அவருக்குக் காதலியின் படமும் கடிதங்களும், நாடக டிக்கெட்டின் கிழிந்த பாதியும், மோதிரம் வாங்கிய பில்லும் கொடுத்தார்கள். கணக்கில் இருந்ததைவிட 79 பவுண்டுக்கு மேல் எடுத்துவிட்டீர்கள் என்று கண்டிக்கும் வங்கிக் கடிதம்கூட ஒன்று வைத்தார்கள். கடனில் இருப்பவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கணக்குப் போட்ட அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். 1943 ஏப்ரல் 30 அதிகாலையில் 'செராஃப்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அந்த உடலை ஸ்பெயினின் உவெல்வா கடற்கரை அருகே கடலில் விட்டது. உடலோடு போன பெட்டியில் இருந்த கடிதங்களின் நகல் ஜெர்மானியர்களிடம் போய்ச் சேர்ந்தது. தாக்குதல் கிரீஸிலும் சார்டினியாவிலும்தான் வரும் என்று நம்பி, பிரான்ஸில் இருந்த ஒரு டாங்கி டிவிஷனைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள். ஜூலை 10-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின.

இந்தக் கதை முதலில் வெளியே வந்தது வரலாறாக அல்ல. 1950-இல் பிரிட்டனின் முன்னாள் அமைச்சர் டஃப் கூப்பர் இதை ஒரு நாவலாக எழுதினார். மாண்டேகுவின் நூல் அதற்குப் பிறகு 1953-இல்தான் வந்தது. அதிலும் அந்த உடல் யாருடையது என்று சொல்லவில்லை. 1996-இல் ஓர் ஆர்வலர் ஆவணக் காப்பகத்துக் கோப்புகளைப் புரட்டி அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்: கிளிண்டுர் மைக்கேல், வேல்ஸ் நாட்டவர், வீடு இல்லாதவர். லண்டனில் எலிப்பாஷாணம் தின்று, பாழடைந்த கிடங்கு ஒன்றில் கிடந்து, 1943 ஜனவரியில் இறந்துபோனவர். உவெல்வாவில் இருக்கும் கல்லறையில் 1998-இல்தான் அவருடைய சொந்தப் பெயரைப் பொறித்தார்கள். நாவல் எனக்கு அந்த விறுவிறுப்பைக் கொடுத்தது, சரி. அந்த ஏழையின் பெயரைக் கொடுத்தது வரலாறு. இதையா சிப்பாய்களுக்கு மட்டும் ருசிக்கும் என்கிறார் அந்த வாசகர்?

என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். 'கார்போ' என்ற ரகசியப் பெயர் கொண்ட ஹுவான் புஜோல் பார்சிலோனாக்காரர். தான் இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியர்களை நம்பவைத்து, லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலாக் கையேட்டைப் பார்த்துப் பொய் அறிக்கை எழுதினார். 1942-இல் பிரிட்டிஷார் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கீழே 27 உளவாளிகள் வேலை செய்வதாக ஜெர்மானியர்கள் நம்பினார்கள். அத்தனை பேரும் கற்பனை. பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படையிறக்கம் நடந்த 1944 ஜூன் 6 அன்று, அவர் பேச்சில் எதிரிக்கு நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்பதற்காக, அதிகாலை 3 மணிக்கு உண்மையான எச்சரிக்கை ஒன்றை அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். மாட்ரிட்டில் இருந்த ஜெர்மானிய நிலையம் பதில் தரவே இல்லை. காலையில்தான் வயர்லெஸ் செட்டைத் திறந்தார்கள். அதற்குள் படைகள் கரையேறிவிட்டன. கார்போ அவர்களையே பிடித்துத் திட்டினார். மூன்று நாள் கழித்து, நார்மண்டி வெறும் கண்துடைப்பு, உண்மையான தாக்குதல் பிரான்ஸின் கலே பகுதியில்தான் வரும் என்று அவர் அனுப்பிய செய்தியையும் நம்பினார்கள். கலேயைக் காத்து நின்ற ஜெர்மனியின் 15-ஆவது படையின் பெரும்பகுதி வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டனும் விருது கொடுத்தது.

எந்த நாவலாசிரியரும் அந்த மாட்ரிட் ஆபரேட்டரைக் கதையில் வைத்திருக்க மாட்டார். இரவு டியூட்டியில் குறித்த நேரத்துக்கு செட்டைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை கம்பெனி கமாண்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். போரில் இப்படிப்பட்ட ஆட்களும் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் புத்தகங்களைத்தான் நான் இளைஞர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. 1941 ஜனவரியில் நேதாஜி கொல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பியது எல்லோருக்கும் தெரியும். பெஷாவரிலிருந்து காபூல் வரை, காது கேளாத, வாய் பேசாதவர் என்று சொல்லி அவரை அழைத்துப்போன பகத் ராம் தல்வாரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? ஆங்கிலேய ஆட்சி தூக்கிலிட்ட ஹரி கிஷனின் சகோதரர் அவர். அதே மனிதர் போர் முடிவதற்குள் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான் என்று ஐந்து நாடுகளுக்கு உளவாளியாக இருந்தார். நேதாஜிக்குப் புகலிடம் தந்த ஜெர்மனியையே ஏமாற்றினார். தில்லியில் இருந்து பிரிட்டனுக்காக அவரை இயக்கியவர் பீட்டர் ஃபிளெமிங், இயான் ஃபிளெமிங்கின் அண்ணன். இவரை வீரர் என்பதா, துரோகி என்பதா? நாவலாக இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். ஆவணங்களை வைத்து எழுதுபவர் இரண்டையும் நம் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நல்ல தமிழில் இவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் படிக்க வேண்டும் என்று எனக்கு நீண்டநாள் ஆசை.

இனி என் மனக்குறை. சில மாதங்களுக்கு முன்பு, இரண்டாம் உலகப்போர் பற்றிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை வாங்கினேன். கெட்டி அட்டை, நல்ல விலை. உள்ளே ஒரு வரைபடம்கூட இல்லை. ஆங்கிலப் பதிப்பில் இருந்த அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். பொருளடைவும் போய்விட்டது. எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு சண்டையை எப்படிப் புரிந்துகொள்வது? பள்ளியில் படிக்கும் என் பேரன் அட்லஸைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். அந்தப் பையனுக்கு இருக்கும் அக்கறை பதிப்பகத்துக்கு இருந்திருக்கக் கூடாதா? இன்னொரு வகையும் வருகிறது. அட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று போடுகிறார்கள். உள்ளே எது நடந்தது, எது கற்பனை என்று தெரிந்துகொள்ள வழியில்லை, ஒரு தேதிகூட இருக்காது. நாவல் என்று போட்டு விற்றால் நானே வாங்கிப் படிப்பேன். உண்மை என்று சொன்னால் ஆதாரத்தைக் காட்ட வேண்டும்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர், உளவு சம்பந்தமான நூல்களுக்கு உங்கள் புத்தகப் பக்கத்தில் மதிப்புரை எழுதும்போது, வரைபடம் இருக்கிறதா, பொருளடைவு இருக்கிறதா, ஆதாரக் குறிப்பு இருக்கிறதா என்று தவறாமல் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே அச்சிடுங்கள். நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்பவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சிக்னல்ஸ் ஹவில்தார்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.